புள்ளி வைக்காத விசாலாட்சி

பதுளையில் நீதிமன்றத்துக்குப் போகிற ஏற்றத்தில், ஒரு மருந்துக்கடைக்கும் ஒரு தையற்கடைக்கும் நடுவே, இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் நிற்க வேண்டிய அளவில் ஓர் அறை இருக்கிறது. வாசற்பலகையில் ‘செ. விசாலாட்சி, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்’ என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வெளிநாடு போகிறவரின் பொலிஸ் அறிக்கை என்று எல்லாம் அந்த அறைக்குள் ஒரு மொழியில் நுழைந்து இன்னொரு மொழியில் வெளியே வரும்.

விசாலாட்சிக்கு ஐம்பத்தாறு வயது. பாட்டனார் புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்து பதுளைக் கடைவீதியில் பலசரக்குக் கடை போட்டவர். கடை இப்போது தம்பியிடம் இருக்கிறது. தம்பிக்கு வெங்காயம், அக்காவுக்கு அகராதி என்று பாகம் பிரிந்தது. இருவருக்குமே அதில் மனக்குறை இல்லை.

மொழிபெயர்ப்பாளராகச் சத்தியம் செய்யப் போன அன்றே அவர் ஒரு சண்டையோடுதான் தொடங்கினார். அலுவலகத்தில் இருந்தவர் பத்திரத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ‘ஸ்பின்ஸ்டர்’ என்று தட்டச்சு செய்தார். கல்யாணம் ஆகாதவள் என்று பொருள். ஆனால் ஆங்கிலத்தில் அந்தச் சொல் வாயில் வரும்போதே மூக்கு ஒரு தரம் சுருங்கும். கல்யாணமாகாத ஆணுக்கு அந்த இடத்தில் என்ன போடுவீர்கள் என்று விசாலாட்சி கேட்டார். அவருடைய தொழிலைப் போடுவோம் என்றார் அலுவலர்.

“எனக்கும் தொழில் இருக்கு. அதை வாங்கத்தானே வந்து நிக்கிறேன்?”

பத்திரம் மறுபடி தட்டச்சானது.

அவருடைய ஆரம்ப வருடங்களில் ஒரு விவாகரத்து வழக்கு வந்தது. கணவன் தன்னைத் தினமும் ஐந்து ஆங்கிலச் சொற்களால் ஏசினான் என்பது மனைவியின் முறைப்பாடு. விசாலாட்சியும் அப்போது சின்னப் பெண், நல்ல குடும்பம். ஐந்து இடத்திலும் அடக்கமாகப் புள்ளி வைத்துக் கொடுத்தார். வழக்கன்று கணவனின் வக்கீல் எழுந்து, அந்தப் புள்ளிகளுக்குள் ‘கண்ணே, மணியே’ என்றுகூட இருக்கலாமே என்றார். நீதிமன்றமே சிரித்தது, அந்தப் பெண்ணைத் தவிர.

அன்றைக்குத்தான் விசாலாட்சிக்குப் பட்டது. புள்ளிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடிகிறது ஏசியவனுக்கு மட்டும்தான். ஏச்சு வாங்கியவள் எப்போதும் வெளிச்சத்தில் நிற்கிறாள். அன்றோடு புள்ளி வைப்பதை விட்டார். அதோடு நூற்றறுபது பக்கத்தில் ஒரு கொப்பி வாங்கி, நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் ‘ஆணுக்கு’, மறு பக்கம் ‘பெண்ணுக்கு’ என்று தலைப்பிட்டு, கண்ணில் பட்ட ஆங்கிலத் தூசணம், அதாவது கெட்ட வார்த்தை, ஒவ்வொன்றையும் எழுதத் தொடங்கினார். மற்றப் பெண்கள் சமையற்குறிப்பு சேர்ப்பதுபோல அவர் தூசணம் சேர்த்தார்.

இருபத்தைந்து வருடத்தில் பெண்ணுக்குரிய பக்கம் நிரம்பி வழிந்தது. இங்கிலீஷ்காரன் பெண்ணை ஏசுவதற்காக ஒரு பண்ணையின் படலையையே திறந்துவிட்டிருந்தான். பெண் நாய், பசு, கோழி, பெண் நரி என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பண்ணை முடிந்ததும் படுக்கையறைக்குப் போனான். பத்து ஆணோடு போன பெண்ணுக்கு இருபது பெயர், பத்துப் பெண்ணோடு போன ஆணுக்கு முதுகில் ஒரு தட்டு. ஆணை ஏச வேண்டுமென்றால் ஒன்றில் அவனுடைய அம்மாவைத் தேடிப் போனான், இல்லையென்றால் அவனையே பெண் என்றான். அப்பாமார் மட்டும் எந்தத் தூசணத்திலும் அகப்படாமல் கால்மேல் கால் போட்டுப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் பார்த்துவிட்டு, தமிழ் இதைவிட மேல் என்று விசாலாட்சி நினைத்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். தமிழுக்கு அவரிடம் தனிக் கொப்பி இருக்கிறது. அது இதைவிடத் தடிப்பு.

போன வருடம் மே மாதத்தில் ஒரு நாள், மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து இரண்டு பஸ் மாறி ஓர் இளம் கிளாக்கர் வந்து சேர்ந்தான். பெயர் மதுரன். குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, ஒரு கோவையை மேசைமேல் வைத்து, அதைத் திறக்காமலே நின்றான்.

விசயம் இதுதான். ஆறாம் நம்பர் மலையில் கொழுந்தெடுக்கிற கம்சலா என்ற பெண் காலில் ஏறிய அட்டையைப் பிய்த்துப் போடக் குனிந்திருக்கிறாள். அந்தப் பக்கம் வந்த சின்னதொரை, அதாவது உதவி முகாமையாளர், அவள் வேலை செய்யாமல் குந்தியிருப்பதாக நினைத்து ஏதோ சத்தம் போட்டிருக்கிறான். கம்சலா நிமிர்ந்து, கையில் அட்டையோடு, தெளிவான ஆங்கிலத்தில் அவனைப் பார்த்து ஒரு வசனம் சொல்லிவிட்டாள். மறுநாளே வேலை இடைநிறுத்தம், குற்றப்பத்திரிகை, விசாரணைக்கு நாள். குற்றம் உறுதியானால் வேலை போகும். வேலையோடு, தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயக் காம்பராவும் போகும். கணவன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறான். இரண்டு பிள்ளைகள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கின்றன.

குற்றப்பத்திரிகையை மதுரன்தான் முதலில் தமிழில் எழுதியிருந்தான். ‘உதவி முகாமையாளரை நோக்கி’ என்று எழுதி, அடுத்து ஒன்பது புள்ளி வைத்து, ‘என்று கூறியமை’ என்று முடித்திருந்தான். கம்சலா அதில் கையெழுத்து வைக்க மறுத்துவிட்டாள்.

“என்ன சொன்னா தெரியுமா மிஸ்? ‘நான் ஒன்பது புள்ளி சொல்லலைங்க. சொன்னதை எழுதுங்க, வைக்கிறேன்’னு.”

விசாலாட்சி அந்தப் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அவளை விரும்பிவிட்டார். கோவையைத் தானே திறந்தார். சொல் ஆங்கிலத்தில் முழுதாக இருந்தது: ‘சன் ஆஃப் எ பிட்ச்.’

பெரியதொரை, அதாவது தோட்டத்து முகாமையாளர், இன்னொன்றும் கேட்டு அனுப்பியிருந்தார். அந்தச் சொல்லின் கனம் விளங்கும்படி ஒரு சான்றிதழ் வேண்டும். எவ்வளவு கனம் என்று விசாலாட்சி கேட்டார். வேலையால் நிப்பாட்டுகிற அளவு என்றான் மதுரன், உள்ளதை உள்ளபடி.

கோவையில், தமிழாக்குவதற்காக, சின்னதொரையின் ஆங்கில அறிக்கையும் இருந்தது. ரஜீவ் என்று கையெழுத்து. அட்டையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ‘பணியில் அலட்சியமாக இருந்த தொழிலாளியை வழக்கமான முறையில் கண்டித்தேன்’ என்று இருந்தது.

“வழக்கமான முறைன்னா என்ன?”

மதுரன் குடையைப் பார்த்தான். அது அறிக்கையில் இல்லை என்றான்.

அறிக்கையில் இல்லாததை மொழிபெயர்ப்பாளர் எழுத முடியாது. இருப்பதை விடவும் முடியாது. விசாலாட்சிக்கு அந்தத் தொழிலில் பிடித்ததும் அதுதான், பல்லைக் கடிக்க வைத்ததும் அதுதான். அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். தோட்டம் தோட்டமாக நூற்றைம்பது வருடமாய் ஒரு தொரை அடுத்த தொரைக்குக் கொடுத்துவிட்டுப் போன சொத்து அது. வெள்ளைக்காரன் பங்களாவை விட்டுப் போனான், குதிரையை விட்டுப் போனான், வாயையும் விட்டுவிட்டுத்தான் போனான். ஆனாலும் ‘வழக்கமான முறையில்’ என்றுதான் எழுதினார்.

பிறகு சான்றிதழ். கிளையை விளக்க வேண்டுமென்றால் வேரைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்பதால் வேரிலிருந்தே தொடங்கினார். ‘மேற்படி சொற்றொடர் பிட்ச் என்னும் அடிச்சொல்லின் மேல் எழுந்தது. அதன் நேர்ப்பொருள் பெண் நாய். பெண்ணொருத்தியை நோக்கிச் சொல்லும்போது அவளை நாய்க்கு நிகராக்கும் இழிந்த வசை. மகன் என்னும் சொல்லோடு சேரும்போது ஆணொருவரின் தாயை அவ்வாறே இழிவுபடுத்தும். இரண்டும் கண்ணியமான இடங்களில் சொல்லத்தகாதவை என்று அகராதிகள் குறிக்கின்றன.’ கீழே கையெழுத்து, பதிவேட்டு இலக்கம், முத்திரை.

வாசித்த மதுரனுக்குக் காது சிவந்தது. இதைக் கொஞ்சம் மெதுவாக்க ஏலாதா என்று கேட்டான்.

“கனம் வேணும்னு கேட்டது நீங்கதானே தம்பி” என்றார் விசாலாட்சி.

அதற்குப் பிறகு நடந்தது விசாரணை நாளன்று மதுரன் சொல்லித்தான் அவருக்குத் தெரிய வந்தது. சான்றிதழைப் பார்த்த பெரியதொரைக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இவ்வளவு கனம் இருக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. முத்திரை குத்திய காகிதம் எது வந்தாலும் காலையில் பெரட்டுக்களத்தில், எல்லோரும் பெயர் கொடுக்கக் கூடுகிற நேரத்தில், சத்தமாக வாசிப்பார்கள். தடுப்பூசி, தேர்தல், நாய்களுக்கு விசர் ஊசி போடுகிற நாள் என்று எல்லாம் அங்கேதான் வாசிக்கப்படும். இதையும் வாசி, இனி எவளும் வாய் திறக்கக் கூடாது என்று பெரியதொரை உத்தரவு போட்டார். மதுரன் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான்.

வழக்கமாக இப்படி வாசிக்கும்போது பின்வரிசையில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். அன்று ஓடவில்லை. அறுபது வயதைத் தொட்ட ஒரு பெண், முதல் பகுதியை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். வாசித்தான். மகன் என்று வருகிறதே, அது இல்லாமல், அடிச்சொல் மட்டும் என்றாள். அதையும் வாசித்தான்.

“அதுதானே தம்பி நம்மளை நெதம் சொல்றது?”

சின்னதொரை வந்து இரண்டு வருடம் ஆகிறது. இரண்டு வருடமாக அந்தச் சொல்லை அவர்கள் நாளுக்கு மூன்று நான்கு தரம் கேட்டிருந்தார்கள். ஏச்சு என்று தெரியும். அந்த முகத்தோடு யாரும் வாழ்த்துச் சொல்வதில்லை. ஆனால் இப்போதுதான் அது முத்திரையோடு, பதிவேட்டு இலக்கத்தோடு, தொரையுடைய செலவிலேயே அவர்களுக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. அன்று பின்னேரத்துக்குள் முப்பத்தெட்டுப் பெண்கள் சாட்சி சொல்லப் பெயர் கொடுத்தார்கள்.

விசாரணை வெள்ளிக்கிழமை காலை. அங்கும் மொழிபெயர்க்க அழைக்கப்பட்ட விசாலாட்சி முதல் பஸ்ஸில் பசறை போய், அங்கிருந்து மடுல்சீமை பஸ் பிடித்து, ரோட்டில் மண் சரிந்து கிடந்த இடத்தில் எல்லோரோடும் இறங்கி நடந்து, செருப்பில் அரைத் தோட்டத்தை ஒட்டிக்கொண்டு தோட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். விறாந்தையில் நிற்க இடமில்லை. முப்பத்தெட்டுப் பெண்களும் கொழுந்துச் சாக்கு இடுப்பில் கட்டியபடியே வந்திருந்தார்கள். முன்னால் நின்றவள்தான் கம்சலா. முப்பது வயதுக்குள். மதித்து நிற்கிறாளா முறைத்து நிற்கிறாளா என்று சொல்ல முடியாத ஒரு நிற்பு.

விசாரணை அதிகாரி ஜுனைதீன், பதுளையில் தொழில் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஐவேளை தொழுகிறவர், கூடாத சொல் ஒன்றும் நாவில் வராதவர். விசாலாட்சியைத் தனியே அழைத்து, அந்தச் சொல்லை ‘மேற்படி சொல்’ என்று சொன்னால் போதாதா என்று தணிந்த குரலில் கேட்டார்.

“எந்த மேற்படி சேர்? ரெண்டு இருக்கே.”

ஜுனைதீன் யோசித்து, அடிச்சொல்லுக்கு இலக்கம் ஒன்று, மற்றதற்கு இலக்கம் இரண்டு என்று ஒரு வழி கண்டுபிடித்தார். இலக்கமும் ஒருவகைப் புள்ளிதான் என்றார் விசாலாட்சி. கடைசியில், தொடக்கத்தில் ஒரு தரம் இரண்டையும் முழுதாக வாசித்துப் பதிவது, பிறகு இலக்கம் என்று உடன்பாடு ஆனது. ஜுனைதீன் கண்ணைக் கூரைப்பக்கம் வைத்துக்கொண்டு இரண்டையும் வாசித்தார். தோட்ட வரலாற்றில் அந்தச் சொற்கள் அவ்வளவு மரியாதையாக உச்சரிக்கப்பட்டது அன்றுதான்.

முதலில் ரஜீவ். இருபத்தேழு வயதிருக்கும், பண்டாரவளைப் பையன். தமிழ் தெரிந்தும் ஆங்கிலத்தில்தான் பேசினான். விசாலாட்சி ஒவ்வொரு வசனமாகத் தமிழாக்கி விறாந்தைக்கு அனுப்பினார். வழக்கமான முறை என்றால் என்ன என்று ஜுனைதீன் கேட்டார். ரஜீவ் பெரியதொரையைப் பார்த்தான். பெரியதொரை ஜன்னலைப் பார்த்தார்.

கடைசியில் இலக்கம் ஒன்றைச் சொன்னதை அவன் ஒத்துக்கொண்டான். ஆனால் அதற்கு ஒரு பொருளும் இல்லை என்றான். தான் வேலை பழகிய தொரைமார் எல்லோரும் சொல்வதுதான், வசனத்தில் வைக்கிற கமா மாதிரி. விசாலாட்சி முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினார்: அது ஒன்றுமில்லையாம், வசனத்தில் வைக்கிற கமா மாதிரியாம்.

“அப்ப நானும் கமாதானே வச்சேன்” என்றாள் கம்சலா. “கொஞ்சம் பெரிய கமா.”

விறாந்தை சிரித்தது. ஜுனைதீன் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். அது துடைக்கத்தான் என்று விசாலாட்சி நம்பவில்லை.

அதன்பின் சாட்சிகள். எனக்கு இலக்கம் ஒன்று காலையில் ஒன்று பின்னேரம் ஒன்று என்றாள் ஒருத்தி. மழை நாளில் மூன்று என்றாள் அடுத்தவள். பேறுகால லீவு கேட்டபோது இலக்கம் ஒன்றோடு பசுவும் சேர்ந்து வந்தது என்றாள் இன்னொருத்தி. அதற்கு என்ன இலக்கம் போடுவது என்று அதிகாரியிடமே கேட்டாள். மதுரன் எழுதி எழுதிக் கை வலித்து உதறினான். பன்னிரண்டாவது சாட்சியோடு ஜுனைதீன் போதும் என்றார்.

கம்சலாவின் முறை வந்தது. எட்டாம் வகுப்பு வரை படித்த நீ இவ்வளவு ஆங்கிலம் எங்கே படித்தாய் என்று கேட்டார் ஜுனைதீன்.

“மலையிலதாங்க. பொம்பளைகளுக்கு ஒண்ணு சொல்வாரு. மருந்தடிக்கிற ஆம்பளைகளுக்கு மத்ததைச் சொல்வாரு. இவரு ஆம்பளைதானே, அதான் அவங்களுக்கு உள்ளதைச் சொன்னேன்.”

அப்போது ரஜீவ் எழுந்துவிட்டான். ஆங்கிலத்தை விட்டுவிட்டான், வந்த தமிழில் பேசினான். என்னை ஏசியிருந்தால் பரவாயில்லை, அம்மாவை ஏசினாள், அப்பா போன பிறகு டியூஷன் கொடுத்துக் கொடுத்து என்னைப் படிக்க வைத்தவர், அவருக்கு நெஞ்சு வருத்தம் இருக்கிறது, அவர் இவளுக்கு என்ன செய்தார் என்று கேட்டான். கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. விறாந்தையில் சிரிப்பு நின்றது.

கம்சலா விசாலாட்சியின் பக்கம் திரும்பினாள்.

“அந்த அம்மாவை நான் கண்ணால கண்டதில்லைங்க. அவங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்லை. எனக்குக் கோவம் இவர் மேல. இவரை மட்டும் ஏசுறதுக்கு இங்கிலீசுல ஒரு வார்த்தை இருந்தாச் சொல்லிக் குடுங்க மிஸ். அதையே சொல்லிட்டு, அவங்க அம்மாவுக்குச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்.”

மொழிபெயர்ப்பாளர் சொந்தமாக ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. விசாலாட்சி ஜுனைதீனைப் பார்த்தார். நிபுணர் கருத்தாக எடுத்துக்கொள்கிறேன், அப்படி ஒரு சொல் உண்டா என்று ஜுனைதீன் கேட்டார். இருபத்தைந்து வருடம் காத்திருந்த கேள்வி. விசாலாட்சி பையிலிருந்து கொப்பியை எடுத்தார். ஆணுக்குரிய பக்கத்தைப் புரட்டினார். இது அம்மா, இதுவும் அம்மா, இது தகப்பன் பேர் தெரியாதவன் என்பது, அதுவும் சுற்றிச் சுற்றி அம்மாவிடம்தான் போய் முட்டும். இது பொம்பளை மாதிரி நடக்கிறவன், இது பொம்பளை மாதிரி அழுகிறவன். மிச்சமிருப்பவை உறுப்புகள், தோட்ட அலுவலகத்தில் வாசிக்கத்தான் வேண்டுமா என்று அவர் ஜுனைதீனைக் கேட்க, ஜுனைதீன் அவசரமாக வேண்டாம் என்றார்.

“இந்த ஆளை மட்டும் ஏசுறதுக்கு, வேற எந்தப் பொம்பளையையும் இழுக்காம, நல்ல காரமா ஒண்ணு இதுல இல்லைங்க சேர்” என்றார் விசாலாட்சி. இவ்வளவு பெரிய கொப்பியோடு இப்படித் தோற்று நிற்பது அவருக்கே வெட்கமாக இருந்தது.

இந்த இடத்தில் தோட்டத் தலைவர் ஜெயராசா எழுந்தார். தொழிற்சங்கக்காரர், வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த அழுக்கு என்றும், நம் தமிழில் இப்படி ஒன்றும் கிடையாது என்றும், தமிழன் பெண்ணைத் தாயாக மதிப்பவன் என்றும் அவர் சொல்லிக்கொண்டே போனார். விசாலாட்சிக்குத் தமிழ்க் கொப்பியை வீட்டில் வைத்துவிட்டு வந்தது அப்போதுதான் உறைத்தது. ஆனால் தேவைப்படவில்லை.

“போன மாசம் மீட்டிங்ல மத்தச் சங்கத்துக்காரரை என்னன்னு ஏசுனீங்க தலைவரே?” என்றாள் கம்சலா.

ஜெயராசா நிறுத்தினார்.

“வளையல் போட்டுக்கிட்டு ஊட்டுல குந்துடான்னு சொன்னீங்க. நாங்க வளையல் போட்டுக்கிட்டுத்தானே நெதம் மலைக்குப் போறோம்? யாரு ஊட்டுல குந்துனோம்?”

அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். தேயிலைக் கறை ஏறிய விரல்கள், மணிக்கட்டில் இரண்டு பிளாஸ்டிக் வளையல். பின்னாலிருந்த கைகளும் ஒவ்வொன்றாக மேலே போயின. ஜெயராசா உட்கார்ந்து, பேனா இரண்டும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஜுனைதீன் நிர்வாகம் தாக்கல் செய்த சான்றிதழை எடுத்து மறுபடி வாசித்தார். ‘பெண்ணொருத்தியை நோக்கிச் சொல்லும்போது இழிந்த வசை. இரண்டும் சொல்லத்தகாதவை.’ இந்தச் சான்றிதழின்படி ஒரு சொல்லுக்கு வேலை போகுமென்றால், மற்றச் சொல்லுக்கு எத்தனை வேலை போக வேண்டும் என்று தான் கணக்குப் பார்ப்பதாகவும், சாட்சியங்களோடு கோவை அப்படியே கம்பனியின் கொழும்புத் தலைமையகத்துக்குப் போகும் என்றும் சொல்லி, தேநீருக்கு இடைவேளை விட்டார்.

இடைவேளையில் பெரியதொரை விசாலாட்சியிடம் வந்தார். மிகப் பணிவாக, அந்தச் சான்றிதழைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். பதிவேட்டில் ஏறிவிட்டது என்றார் விசாலாட்சி. வேண்டுமானால் கொஞ்சம் கனம் குறைத்து இன்னொன்று என்று அவர் இழுத்தார்.

“கனம் குறையாது சேர். வேணும்னா இன்னொரு பிரதி தரலாம்.”

தேநீர் ஆறுவதற்குள் முடிவு வந்தது. குற்றப்பத்திரிகை வாபஸ். கம்சலா திங்கட்கிழமை காலையிலேயே மலைக்குப் போகலாம். ரஜீவ் பெரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். கம்சலா, சின்னதொரையிடம் கேட்க வேண்டியதில்லை, அவருடைய அம்மாவுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனையை அவளே கேட்டு வாங்கினாள்.

ரஜீவ் திங்கட்கிழமை மன்னிப்புக் கேட்டான். ஆங்கிலத்தில் ஒரே சொல்தான் சொன்னானாம், ‘சொரி’. ஏசும்போது அவ்வளவு நீளமாக ஏசினவர் இவ்வளவு கட்டையாக முடித்துவிட்டாரே என்று பெண்களுக்கு மனத்தாங்கல். கம்சலாவின் கடிதத்தை விசாலாட்சி ஆங்கிலமாக்கி, காசு வாங்காமல், தானே தபாலில் போட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை கம்சலா பதுளைக்கு வந்தாள். கையில் பண்டாரவளையிலிருந்து வந்த ஒரு கடிதம். உள்ளே டீச்சர்மாருக்கே உரிய சாய்வெழுத்து. விசாலாட்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார்.

‘அன்புள்ள கம்சலா, என்னை முதலில் ஏசியது நீங்கள் இல்லை. உங்களை அந்தச் சொல்லால் கூப்பிட்டபோதே என் மகன் என்னையும் சேர்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறான். அது அவனுக்குத் தோன்றவேயில்லை என்பதுதான் எனக்கு வெட்கம். ஐந்தாம் வகுப்பிலும் அவன் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளின் பென்சிலைத்தான் பறிப்பான், பெரிய பிள்ளைகளிடம் போக மாட்டான். அவன் ஒரு புல்லி. அவனிடமும் இதைச் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தை நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம்.’

புல்லி என்றால் என்ன என்று கம்சலா கேட்டாள். தன்னைவிட எளிய ஆளாகப் பார்த்து மிரட்டுகிறவன் என்றார் விசாலாட்சி. இங்கிலீஷ் படிக்கிற பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சொல். தூசணம் என்று எந்த அகராதியும் குறிக்காததால் இருபத்தைந்து வருடமாக அதை அவர் தாண்டித் தாண்டிப் போயிருந்தார். தமிழில் அதற்கு ஒற்றைச் சொல் தேடினார். சண்டியன் என்று சொல்லலாமா என்று யோசித்தார்.

“சண்டியன்னா பெருமையால்ல எடுத்துக்குவாரு” என்றாள் கம்சலா. “இதுல அம்மா வர்றாங்களா மிஸ்?”

“இல்லை.”

“நாய், மாடு?”

“ஒண்ணும் இல்லை. அந்த ஆள் மட்டும்தான்.”

கம்சலா அந்தச் சொல்லை இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். மற்றது மாதிரி வாய் நிறையவில்லை என்றாள். ஆனாலும் பரவாயில்லை என்றாள். இதைச் சொன்னால் குற்றப்பத்திரிகை வருமா என்று கேட்டாள். வராது, பெற்ற தாயே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றார் விசாலாட்சி.

அவர் தன்னுடைய கொப்பியை எடுத்தார். இரண்டு பக்கத்துக்கும் வெளியே, ஓரத்தில், அடிமட்டம் வைத்து மூன்றாவதாக ஒரு கோடு கிழித்தார். மேலே ‘ஆளுக்கு’ என்று எழுதினார். கீழே அந்த ஒரு சொல். மிச்சம் வெறுமையாகக் கிடந்தது.

கம்சலா கடிதத்தை மடிக்காமல் மேசைமேலேயே விட்டிருந்தாள்.

“இதைத் தமிழ்ல எழுதி ஒரு முத்திரை குத்திக் குடுங்க மிஸ்.”

“எதுக்கு? உங்களுக்குத்தான் இப்ப விளங்கிருச்சே.”

“முத்திரை குத்துன காகிதம் எது வந்தாலும் பெரட்டுல வாசிக்கணும். அதுதானே எங்க தோட்டத்து வழக்கம்.”

விசாலாட்சி கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு இழுப்பறையைத் திறந்து மைத்தட்டை வெளியே எடுத்தார்.